பதினேழாம் இலக்கத் தாள்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது இராசாத்தி கோபமாக இருந்தாள். ஒரு படம் தொலைந்துவிட்டது, அதற்குத்தான் அந்தக் கோபம். பாவம், அவளுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இராசாத்தி நாவற்குடாப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகப் பொறுப்பாசிரியை. கணவர் தங்கராசா மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருக்கிற கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். ஒரே மகள் பூரணி, தாயின் பள்ளிக்கூடத்திலேயே பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் மகளும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும், "அம்மா" என்ற சொல் வீட்டோடு சரி. அது இராசாத்தி போட்ட சட்டம்.

அந்த நூலகத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு கொம்பியூட்டரும் தொலைபேசி வயரும் வந்தன. வயர் வழியாக ஒல்லாந்து தேசத்துப் பழம்பொருள் நூதனசாலை ஒன்றின் படக் களஞ்சியத்துக்குள் போகலாம் என்று கண்டுபிடித்த நாளில் இருந்து இராசாத்திக்குத் தலைகால் தெரியவில்லை. நம்முடைய வாவி, நம்முடைய தோணி, நம்முடைய கோட்டை எல்லாம் முந்நூறு வருடத்துக்கு முன்னால் கீறியபடி அங்கே இருந்தன. "அன்றும் இன்றும்" என்று பத்தாம் வகுப்புக்கு ஒரு ஒப்படை கொடுத்து, பிள்ளைக்கு ஒரு படமாக அச்செடுத்துக் கொடுத்தாள். மொத்தம் இருபத்திரண்டு தாள்.

அவளுடைய பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நூலகத்தை விட்டுக் கிழிந்த கடதாசி வெளியே போனாலும் பின்பக்கத்தில் பள்ளிக்கூடச் சீல் குத்துவாள், இலக்கம் போடுவாள், அந்த இலக்கத்துக்கு நேரே பதிவேட்டில் பிள்ளையின் பெயரை எழுதுவாள். எழுதியதைச் சுரண்டவோ அழிக்கவோ மாட்டாள். பிழை வந்தால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் ஒப்பம் வைப்பாள்.

பூரணிக்குக் கிடைத்தது கோட்டைப் படம், இலக்கம் பதினேழு. புதன்கிழமை பின்னேரம் ரியூசனுக்குப் போகையில் கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவளுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். வியாழன் இரவு தேடினால் தாளைக் காணவில்லை.

இது வெள்ளிக்கிழமை. இரண்டாயிரத்து ஏழு, மாசி மாதம்.

*

இராசாத்தி மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் சத்தம் விடியவே தொடங்கிவிட்டது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அம்மா, ராவு ஒண்டு சொல்லல்ல."

"தலைய ஆட்டாம சொல்லு."

"அந்தத் தாள்ல நான் எழுதியிருந்தன்."

"பேரா?"

"இல்ல. பழைய வாசல் எங்க, இப்ப அந்த இடத்தில என்ன இரிக்கு எண்டு. ஒப்படையில அப்பிடித்தானே கேட்ட. சிவப்புப் பேனையால எழுதின."

இராசாத்தியின் கை நின்றது.

"இப்ப என்ன இரிக்கு எண்டு உனக்கு ஆர் சொன்ன?"

பூரணி தகப்பனைப் பார்த்தாள்.

தங்கராசா தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க, பெருமையோடு சொல்லிக் கொடுத்தது அவர்தான். தினமும் போய் வருகிற இடமல்லவா.

"என்னென்ன எழுதின புள்ள? விடாமச் சொல்லு."

"வாசல்ல காவல் அறை. வடக்கு மூலையில மண்மூட்டை. கிணத்துக்குப் பக்கத்தில ஆமிட ஜெனரேற்றர். நீங்க சொன்னதெல்லாம்."

"இஞ்சேருங்க, உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள் இராசாத்தி.

"ஒப்படைக்குத்தானே எண்டு..."

தாளின் ஒரு பக்கத்தில் கோட்டை, அதன் மேல் காவல் எங்கே, மண்மூட்டை எங்கே என்று வேவு பார்த்து எழுதியது போலச் சிவப்பு எழுத்து. மறுபக்கத்தில் பள்ளிக்கூடத்தின் சீல். அந்த மாசியில் மட்டக்களப்பில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்குப் பிள்ளைகள் வீடு திரும்பாமல் போனார்கள். காரணமே இல்லாமலும் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் இராசாத்திக்கு மற்றது நினைவுக்கு வந்தது. அச்செடுத்த தாளின் அடியில் நூதனசாலையின் பெயரும் இணைய முகவரியும் ஒரு வரியாக வந்திருந்தன. கோப்புக்குள் அடங்கவில்லை என்று அந்த வரியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தது அவள்தான். படம் எங்கே இருந்து வந்தது என்று சொல்கிற ஒரே அத்தாட்சியை வெட்டிவிட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்கிற சீலை அழுத்திக் குத்தியிருக்கிறாள். எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் இருபது வருடம் ஒழுங்காக வேலை செய்த மனுஷி ஒழுங்காகச் செய்த வேலைதான் அதுவும்.

"புள்ளைய உன்ட பள்ளி றஸீனா டீச்சர்ர வீட்டுக்கு அனுப்புவம். காத்தான்குடியில ரெண்டு நாள் நிக்கட்டும்," என்றார் தங்கராசா.

"இண்டைக்குப் பார்த்து இவள் பள்ளிக்கு வராட்டி, எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க. தாள்ல பேர் இல்ல. பதினேழு எண்டு மட்டும்தான் இரிக்கு. பேர் என்ட பதிவேட்டிலதான்."

"அப்ப அதக் கிழிச்செறி."

"கிழிச்சா கிழிச்ச இடம் தெரியும்."

பூரணி அழவில்லை. பின்னலின் நுனியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, என்னப் பிடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் பிடிக்கமாட்டாங்க," என்றாள் இராசாத்தி. ரிபனை மூன்று தடவை கட்டியும் அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது.

*

தங்கராசா பாலத்துச் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கினார். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கொடுத்தார்கள், போ என்றார்கள். எந்த நாளும் நடப்பதுதான். ஆனால் மேசைமேல் இருந்த காகிதங்களை அவர் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். சிவப்பு மையில் எதுவும் இல்லை.

கச்சேரியில் காலை முழுவதும் ஒரு கடிதத்தையே எழுதிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குப் பக்கத்து மேசை நல்லரத்தினம் கதிரையை இழுத்துக்கொண்டு அருகே வந்தார்.

"தங்கராசா, உன்ட மனிசி லைப்ரரி டீச்சர்தானே?"

"ஓம். என்ன?"

"நேத்துப் பின்னேரம் என்னக் காவல் அறைக்குக் கூப்பிட்டாங்க. ஒரு தாளக் காட்டினாங்க. கோட்டைப் படம். சிவப்பில எழுதியிருந்திச்சு. எழுதியிருக்கிறதெல்லாம் சரியா எண்டு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. சரிதானே எல்லாம்." நல்லரத்தினம் சேர்ட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். "பின்னால நாவற்குடாப் பள்ளிக்கூடத்துச் சீல் இருந்திச்சு. ஆமியோட சிவில் உடுப்பில ரெண்டு பேர் நிண்டாங்க. எந்தக் குழு எண்டு நான் கேக்கல்ல. இண்டைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போறதாக் கதைச்சாங்க."

தங்கராசா தொலைபேசியை எடுத்தார். பள்ளிக்கூட இலக்கம் பிசியாக இருந்தது. ஐந்து நிமிடம் விட்டு எடுத்தார், பிசி. பிறகு பத்து நிமிடம் விட்டு எடுத்தார். அந்த ஒரே லைன்தான் அதிபருக்கும், அதே லைன்தான் இராசாத்தியின் கொம்பியூட்டருக்கும்.

லீவு கேட்டுக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். பாலத்தை மறித்திருந்தார்கள். வாகனத் தொடரணி போக வேண்டுமாம், ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்றான் காவலில் நின்றவன். அந்தப் பக்கம் கல்லடிக் கரை தெரிந்தது. தங்கராசா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி தொலைபேசிக்குப் போனார்.

*

லைன் ஏன் பிசி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இராசாத்தி ஒல்லாந்து தேசத்தில் இருந்தாள்.

வந்ததும் முதல் வேலையாகப் பத்தாம் வகுப்புக்குப் போய், "எல்லாரும் படத் தாளை இண்டைக்கே திருப்பித் தரவேணும். கடைசி மணி அடிச்சதும் நூலகத்துக்கு வந்து தந்திட்டுத்தான் வீட்ட போகலாம்," என்று சொல்லிவிட்டு வந்தாள். மற்ற இருபத்தொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறார்களோ யார் கண்டது.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் படத்தை அடிவரியோடு இன்னொரு தடவை அச்செடுத்து வைக்க வேண்டும். இது பள்ளிக்கூடத்தில் கீறியதல்ல, உலகத்தில் யாரும் பார்க்கக்கூடியது என்று காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இலக்கம் போடுகிறவள், அந்தப் படத்துக்கு நூதனசாலை போட்டிருந்த இலக்கத்தை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. மட்டக்களப்பு என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒன்றும் வரவில்லை. இலங்கை என்று தேடினால் கப்பலும் யானையும் கறுவாவும் பக்கம் பக்கமாக வந்தன. ஒவ்வொரு பக்கமும் திறக்க ஐந்து நிமிடம். இரண்டு தடவை தொடர்பு அறுந்தது. மூன்றாம் தடவை மோடம் கத்தத் தொடங்கியபோது அதிபர் வந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், காலையில இருந்து லைன் உங்களிட்டத்தான் நிக்குது. கல்வி வலயத்தில இருந்து கோல் எடுப்பாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் சேர். தயவுசெய்து."

அவள் முகத்தைப் பார்த்த அதிபர் ஒன்றும் கேட்காமல் போனார். அந்த நாட்களில் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போவதும் ஒரு உதவிதான்.

முப்பத்தெட்டாவது பக்கத்தில் கோட்டை வந்தது. மேலிருந்து கீழே கீலம் கீலமாக இறங்கியது. முதலில் வானம், பிறகு மதில், பிறகு வாசல். வாசலைக் கண்டதும் இராசாத்திக்கு அழுகை வந்துவிட்டது. எந்தச் சிவப்பும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அச்செடுத்தாள். அடிவரியில் நூதனசாலையின் பெயர், இலக்கம், முகவரி எல்லாம் முழுதாக இருந்தன. இந்தத் தடவை கத்தரிக்கோலைத் தொடவில்லை.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள்.

பதினேழு. த. பூரணி. தரம் பத்து.

கோடு கீறி ஒப்பம் வைத்தால் பெயர் அப்படியே தெரியும். இராசாத்தி மேசை லாச்சியில் இருந்து பிளேடை எடுத்தாள். பெயரின் மேல் மெல்லச் சுரண்டினாள். மை பொடியாக உதிர்ந்தது. இருபது வருடத்தில் முதல்முறை. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து, அதன் மேல் எழுதினாள்: இராசாத்தி தங்கராசா, ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்கு யார் வந்து கேட்டாலும் அந்தத் தாள் என்னுடையது, அந்த எழுத்தும் என்னுடையது என்று சொல்லிவிடலாம். பூரணிக்கு எழுத்துப் பழக்கியதே அவள்தானே. இரண்டு பேருடைய எழுத்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடி கறுத்த ஒரு வான் வாசலில் நின்றிருந்தது.

*

ஒருவன் வானிலேயே இருந்தான். மற்றவன் நூலகத்துக்கு வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இந்த நூலகத்தில் செருப்போடு வரக்கூடாது என்பது தெரிந்தவன் அவன்.

"என்னத் தெரியல்லயா டீச்சர்? கோணாமலை. தாத்தாட பேர் எண்டு எல்லாரும் பகிடி பண்ணுவாங்க."

தெரிந்தது. ஓ லெவல் சோதனைக்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். எங்கே போனான், யாரோடு போனான் என்று ஊரில் நாலு கதை உண்டு. இப்போது ஆமியோடு திரிகிறவர்களின் வானில் வந்திருக்கிறான். வேற்று மொழி பேசுகிறவன் வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள், ஊரும் பள்ளிக்கூடமும் தெரியாதவனிடம் எதையாவது மறைக்கலாம்.

"இரு தம்பி," என்றாள்.

அவன் கதிரையில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தான். சிவப்பு எழுத்துத் தெரிந்தது.

"இது உங்கட சீல்தானே?"

"ஓம். ஒப்படைக்குக் குடுத்த படம். வெளிநாட்டு நூதனசாலையில இருந்து எடுத்த. இஞ்ச பாரு, இதுதான் அசல். பேரெல்லாம் அடியில இரிக்கு. ஆரும் பார்க்கலாம்."

கோணாமலை புதிய தாளை எடுத்து அடிவரியை விரலால் தடவிப் பார்த்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான்.

"படம் வெளிநாட்டில இருந்து வந்த. சரி. இந்தச் சிவப்பு எங்க இருந்து வந்த டீச்சர்?"

அவள் வாயைத் திறக்கும்போது கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசி அடித்தது. கோணாமலை எடுங்கள் என்று கையைக் காட்டினான்.

"இராசாத்தி, எவ்வளவு நேரமா அடிக்கிறன்," என்றது தங்கராசாவின் குரல். "ரெண்டு பேர் அங்க வாறாங்க. புள்ளைய இப்பவே றஸீனா டீச்சரோட பின்வாசலால அனுப்பு. கேக்குதா?"

"ஓம். இஞ்ச ஆள் நிக்கிது. மறுகா எடுங்க."

இராசாத்தி தொலைபேசியை வைத்தாள்.

"வீட்டுக்காரர்," என்றாள். "அந்த எழுத்து என்ட. பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட நான்தான் எழுதின. பதிவேட்டப் பாரு, பதினேழு என்ட பேரிலதான் இரிக்கு."

அவனாகவே பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினான். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிப் பதினேழில் நின்றது. நின்ற விரல் அந்த இடத்தை இரண்டு தடவை தடவியது. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தான். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது.

"எட்டாம் வகுப்பில நான் ஒரு புத்தகத்தத் துலைச்சிட்டன். உங்களுக்கு நினைவிரிக்கா?" என்றான். "அப்பாக்குத் தெரிஞ்சா அடிப்பார், பேர அழிச்சு விடுங்க எண்டு இந்த மேசையில நிண்டுதான் கெஞ்சின. பதிவேட்டில எழுதினத அழிக்க ஏலாது எண்டு சொல்லிட்டீங்க."

அவன் பக்கத்தைத் தாழ்த்தி இராசாத்தியைப் பார்த்தான்.

"பிழை வந்தா நீங்க கோடு கீறி ஒப்பம் வைப்பீங்க. சுரண்ட மாட்டீங்க. ஆருட பேர் டீச்சர் இது?"

"பிழையா எழுதிட்டன் தம்பி."

"ஆருட பேர்?"

கடைசி மணி அடித்தது.

அப்போதுதான் இராசாத்திக்குக் காலையில் தான் போட்ட கட்டளை நினைவுக்கு வந்தது. விறாந்தையில் காலடிச் சத்தம் கேட்டது. பத்தாம் வகுப்பு வருகிறது. அவள் சொன்ன சொல்லைத் தட்டாமல், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக வருகிறது.

"வரட்டும்," என்றான் கோணாமலை. கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

"இந்தாங்க டீச்சர்." பதின்மூன்று.

"டீச்சர், என்ட தாள் கொஞ்சம் கசங்கிட்டுது." ஆறு.

ஒவ்வொரு தாளையும் அவன் வாங்கி இலக்கத்தைப் பார்த்து அடுக்கினான். பிள்ளைகள் அவனையும் டீச்சரையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். இருபத்தொன்று. பதினாறு. பதினெட்டு. வாசலில் கூட்டம் குறையக் குறைய இராசாத்தி மிச்சத் தலைகளை எண்ணினாள். அந்தத் தாய்க்கு இருந்த நம்பிக்கை இவ்வளவுதான்: பூரணியும் மற்றப் பிள்ளைகள் மாதிரி வந்து, தாள் வீட்டில் இருக்கிறது டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். டீச்சர் என்ற அந்த ஒரு சொல் போதும். அவன் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த நாளில் பூரணி இங்கே படிக்கவில்லை. அவனுக்கு அவளைத் தெரியாது.

கடைசியாகப் பூரணி வந்தாள். கையில் தாள் இல்லை.

இராசாத்தி அவளைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தபடி, "உன்ட எங்க?" என்றாள். குரலை மற்றவர்களிடம் கேட்ட மாதிரியே வைத்துக்கொண்டாள்.

பூரணி வாயைத் திறந்தாள். அப்போது மேசைமேல் விரிந்து கிடந்த சிவப்பு எழுத்து அவள் கண்ணில் பட்டது. அதன் மேல் ஒரு முன்பின் தெரியாத ஆணின் கை இருந்தது. பிள்ளை இரண்டடி பின்னால் போய்க் கதவில் முட்டிக்கொண்டாள்.

"அம்மா," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குள் அந்தச் சொல்லை அவள் சொன்னது அன்றைக்குத்தான்.

கோணாமலை பூரணியைப் பார்த்தான். இராசாத்தியைப் பார்த்தான். எழுந்து வாசலுக்குப் போய், ரோட்டில் நின்ற வானை ஒருதரம் எட்டிப் பார்த்தான். பிறகு நூலகக் கதவை உட்பக்கமாகச் சாத்தினான்.